பருந்துக்கு ஒரு புது கேமரா

மைதானத்தில் அவளைப் பருந்து என்றுதான் எல்லோரும் அழைப்பார்கள். பந்து எங்கே போகும் என்று ஆடுகிறவர்களுக்கே தெரிவதற்கு முன் அவளுடைய லென்ஸ் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும். அதைப் பார்த்து ஒரு கூடைப்பந்து கோச் வைத்த பெயர், அவள் படம் எடுத்துத் தரும் பத்திரிகை அலுவலகம் வரை ஒட்டிக்கொண்டது.

ஆனால் ஒரு வருடமாக அவள் படங்களில் ஏதோ குறை. துள்ளி எழும் வீராங்கனையின் முகம் லேசாக மங்கியிருக்கும். அவளுக்குப் பின்னால் இருக்கும் வலையோ நூல் நூலாகப் பளிச்சென்று விழுந்திருக்கும். வேறு யாரும் இதைப் பெரிதாகச் சொல்லவில்லை. விளையாட்டுப் பக்கத்தில் அவள் படங்கள் முன்பைவிடச் சின்னதாக வர ஆரம்பித்தன, அவ்வளவுதான்.

நாற்பத்தேழு வயதாகிவிட்டது, கண் போகத் தொடங்கிவிட்டது, அதனால்தான் ஃபோகஸ் புள்ளி முகத்தை விட்டு விலகுகிறது என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். இதில் கொடுமை என்னவென்றால், அவள் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கிறவர். ஒரு வார்த்தை சொன்னால் போதும், கையோடு கூட்டிப்போய் எழுத்துப் பலகைக்கு முன்னால் உட்கார வைத்துவிடுவார். பருந்துக்குக் கண்ணாடியா என்று நாலு பேர் சிரிப்பார்கள். அதற்குப் பயந்தே அவள் மூச்சு விடவில்லை.

இந்த நேரத்தில்தான் பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டனுப்பினார்.

"உன் கேமராவுக்கு வயசாயிடுச்சும்மா. புது கேமரா பாடி வாங்கித் தர மேலிடத்துல ஒத்துக்கிட்டாங்க. லென்ஸெல்லாம் இருக்கறதே போதும்ல? எந்த பாடி வேணும்னு நீயே பார்த்துச் சொல்லு. பேட்மின்டன் போட்டி தொடங்கறதுக்குள்ள கையில இருக்கணும்."

வேறு யாராக இருந்தாலும் தலைகால் புரியாமல் ஆடியிருப்பார்கள். அவள் பார்த்துச் சொல்வதாக மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். பழைய கேமரா இருக்கும்வரை, ஒருவேளை அதன் கோளாறோ என்று மனதின் ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருக்கலாம். புதிதிலும் முகம் மங்கினால் அந்த மூலையும் போய்விடும்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்குக் கொழுந்தன் வந்திருந்தான். கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவன். விஷயத்தைக் கேட்டதும் தட்டை நகர்த்திவிட்டுப் பேச ஆரம்பித்தான்.

"யோசிக்கவே வேணாம் அண்ணி. மெகாபிக்சல் எதுல அதிகமோ அதை வாங்குங்க. என்னோடது மாதிரி. பிரிண்ட் போட்டா ஒரு சுவரையே மூடலாம்."

"என் படம் பேப்பர்ல உள்ளங்கை அளவுக்குத்தான் தம்பி வருது."

"அதனால என்ன, தூரத்துல இருக்கறவங்களை வெட்டிப் பெருசாக்கிக்கலாமே?"

"உங்க மணப்பொண்ணு நின்னு சிரிப்பா. என் பொண்ணுங்க நிக்கவே மாட்டாங்களே!"

"ரெண்டு பேரும் முதல்ல சாப்பிடுங்க, ஆறுது" என்றார் கணவர். பிறகு ஜன்னல் பக்கம் கையைக் காட்டி, "அந்த எதிர்க் கட்டடத்துல புதுசா ஏதோ போர்டு மாட்டியிருக்கான், என்னன்னு பாரேன்" என்றார்.

"பல் ஆஸ்பத்திரி. கீழே போன் நம்பர் போட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் தண்ணீர் எடுக்கப் போனாள்.

மறுநாள் கேமராக் கடைக்குப் போனாள். கடைக்காரர் பல வருடப் பழக்கம். அவள் கேட்டவற்றையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இரண்டு பாடிகளை மேஜைமேல் வைத்தார். ஒன்று கொழுந்தன் சொன்ன ரகம். மற்றதில் பிக்சல் பாதிதான், ஆனால் வேகம்.

"ரெண்டுமே கண்ணாடி இல்லாதது மேடம்."

கண்ணாடி என்றதும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடியைச் சொல்கிறார் என்று புரிய ஒரு நொடி ஆயிற்று.

"எதுண்ணே நல்லது?"

"செருப்பு மாதிரிதான் மேடம், போட்டு நடந்து பார்க்காம தெரியாது. ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க. உங்க பழைய லென்ஸை மாட்ட இந்த வளையம் போதும். திங்கக்கிழமை கொண்டாங்க."

சனிக்கிழமை பேட்மின்டன் அரங்கில் பயிற்சி ஆட்டங்கள் நடந்தன. பிக்சல் அதிகமானதில் முதலில் லென்ஸை மாட்டினாள். ஒரு பெண் எம்பி ஸ்மாஷ் அடித்தாள். அழுத்திய விரலை எடுத்ததும் அவளுக்குத் திரையைப் பார்க்கவே தைரியம் வரவில்லை. ஒருவழியாகப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் இமை முடி தனித்தனியாகத் தெரிந்தது. மேலுதட்டில் வியர்வை முத்துகள் தெரிந்தன. பின்னால் வலை, இருக்க வேண்டியபடி, புகையாகக் கரைந்திருந்தது.

நம்பிக்கை வராமல் அடுத்த பாடியில் எடுத்தாள். அதிலும் அப்படியே. அதே இடத்தில் உட்கார்ந்து, அதே லென்ஸைப் பழைய கேமராவில் மாட்டி எடுத்தாள். முகம் மங்கல், வலை பளிச்.

அவள் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்து சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. தாண்டிப் போன அம்பயர் நின்று, "என்ன பருந்தம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

"இப்பத்தான் சார் சரியாச்சு."

பயம் போனதும் வேலை சுலபமாயிற்று. எந்த பாடி என்பது மட்டும்தான் இனிப் பாக்கி. மத்தியானம் முழுக்க மாற்றி மாற்றி எடுத்தாள். பிக்சல் அதிகமானது கொஞ்ச நேரம் தொடர்ந்து எடுத்ததுமே, மெமரி கார்டில் எழுதி முடிக்கிறேன் என்று நின்றுவிட்டது. அது நின்ற அந்த இடைவெளியில் ஒரு பெண் தரையோடு பாய்ந்து ஷட்டிலை எடுத்துக் கொடுத்து அரங்கையே எழுப்பிவிட்டாள். அந்தப் படம் போயே போயிற்று. சத்தமில்லாமல் எடுக்கும் முறையில் வைத்தாலோ, வீசிய மட்டை படத்தில் வாழைப்பழம் போல வளைந்து விழுந்தது. வேகமான பாடியில் மட்டை மட்டையாகவே இருந்தது. எவ்வளவு அழுத்தினாலும் மூச்சு வாங்கவில்லை. சர்வீஸ் போடும் நேரத்தில் ஷட்டர் சத்தம் கேட்டு முறைக்கிற அம்பயர், அன்று அவள் பக்கம் திரும்பவே இல்லை.

திங்கட்கிழமை கடைக்காரரிடம் மூன்று படங்களையும் காட்டினாள்.

"பழசுல ஃபோகஸ் பார்க்கிற கண்ணு ஒரு இடம், படம் பதியிற இடம் வேற. நடுவுல ஒரு மயிரிழை நகர்ந்தாலும் முகம்னு நினைச்சு வலையைப் பிடிச்சுடும். புதுசுல பார்க்கிறதும் பதியிறதும் ஒரே இடம். ஆமா, எங்கயாவது அடி பட்டுச்சா?"

போன வருடம் பந்தைத் துரத்தி வந்த ஒரு வாலிபால் வீரர் அவள் மேலேயே விழுந்தது நினைவுக்கு வந்தது. முழங்கைச் சிராய்ப்புக்கு மருந்து போட்டவள், கேமராவைத் துடைத்துப் பைக்குள் வைத்ததோடு சரி.

"அப்ப என் கண்ணுல ஒண்ணுமில்லையே?"

"உங்க கண்ணுக்கு என்ன மேடம்?" என்றார் அவர், ஒன்றும் புரியாமல்.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். அவர் பதறவே இல்லை.

"உன் கண்ணை நான் எப்பவோ சோதிச்சுட்டேனே."

"எப்ப?"

"பஸ் நம்பரு, கடை போர்டு, காலண்டர்ல கீழ இருக்கற பொடி எழுத்து... மாசக்கணக்கா உன்னைப் படிக்க வைக்கிறேன். ஒண்ணுகூடத் தப்பா சொல்லல. கண்ணுல குறை இல்லை, மனசுலதான் ஏதோன்னு தெரிஞ்சுது. நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

"அடப்பாவி மனுஷா! முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"நீ சொன்னியா?"

இரண்டு பேருமே சிரித்துவிட்டார்கள். "அப்ப பழசையே சரி பண்ணிக்கலாமே?" என்று அவர் கேட்டார். அதையும் சரிபார்க்கக் கொடுத்திருப்பதாகவும், அகல லென்ஸ் மாட்டி இன்னொரு தோளில் தொங்கவிடப் போவதாகவும் சொன்னாள். ஆசிரியருக்கு வேகமான பாடியின் பெயரை அனுப்பினாள். கொழுந்தன் மட்டும் போனில், "பிக்சல் பாதிதானே அண்ணி?" என்று இரண்டு தடவை அங்கலாய்த்தான்.

போட்டியின் முதல் நாள், எல்லைக் கோட்டுக்கு மிக அருகில், தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். ஷட்டர் சத்தத்துக்குப் பயந்து, இத்தனை கிட்டத்தில் உட்கார இதுவரை யாரும் அவளை விட்டதில்லை. ஆட்டம் முடிந்து ஜெயித்த பெண் துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்து குனிந்தாள்.

"காட்டுங்கக்கா... ஐயய்யோ, நாக்கைத் துருத்திக்கிட்டு நிக்கிறேனே! இதையா போடப் போறீங்க?"

"இதைத்தான்" என்றாள் பருந்து. "அதுவும் பெருசா."