மாமனார் பெயரில் ஒரு புழு

"நம்ம மாப்பிள்ளை, புழுவுக்குப் பல்லு எண்ணுறவரு" என்றுதான் மாமனார் வந்தவர் போனவரிடமெல்லாம் மருமகனை அறிமுகப்படுத்துவார். அதில் பொய்யும் இல்லை. நீர் ஆய்வகத்தில் அவருக்கு அதுதான் வேலை. கொசுவைப் போலிருந்தும் கடிக்காத மிட்ஜ் பூச்சியின் புழுக்கள் ஏரிச் சேற்றோடு வந்து சேரும். தலைக்குக் கீழே ஒரு ஜோடி குட்டைக்கால், வாலில் ஒரு ஜோடி. எந்த இனம் என்று அறிய, தலையைத் தனியே வெட்டி, கண்ணாடித் தகட்டில் மல்லாக்கப் போட்டு, தாடைப் பல்வரிசையை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்த ஒரு புழுவுக்கு நடுப்பல்லே இல்லை. எந்தப் புத்தகத்திலும் அப்படி ஒரு வாய் இல்லை. புது இனம்தான்! வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "மாமா, இதுக்கு உங்க பேரைத்தான் வைக்கப்போறேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டார். அன்று மாமனார் அவருக்குத் தன் கையால் பரிமாறினார். விடிவதற்குள் மருமகன் தெருவுக்கே விஞ்ஞானி ஆகிவிட்டார்.

மறுநாள் அவரை அழைத்துப்போக ஆய்வகத்துக்கு வந்த மனைவி நுண்ணோக்கியில் எட்டிப் பார்த்தாள். அவள் பல் மருத்துவர்.

"ஏங்க, இது பல்லு இல்லாம பொறந்த வாய் இல்ல. தேஞ்சுபோன வாய். தெனமும் என் நாற்காலியில வந்து உக்காருதே, அதே வாய்."

"புழு எதைக் கடிச்சுத் தேயும்?"

"அதை நீங்கதான் எனக்குச் சொல்லணும்."

மணல்! சேற்றோடு மணலையும் சுரண்டித் தின்றுதான் பல் தேய்ந்திருக்கிறது. அவர் அதே புட்டியிலிருந்து, அப்போதுதான் தோலுரித்துப் புதுப்பல் முளைத்திருந்த இன்னொரு புழுவை எடுத்துப் பார்த்தார். நடுப்பல் ஊசியாக நின்றது. ஏரிக்கு ஏரி கிடைக்கும் பழைய இனம். அவர் மனைவி பக்கம் திரும்பினார்.

"அப்பாகிட்ட நீயே சொல்லிடேன்."

"பேரு வெச்சது யாரு?"

அதற்குள் ஆய்வக வாசலில் மாமனார் குரல். புழுவைக் காட்டுவதற்கென்று தெருக்கோடி தையல்காரரையும் கூட்டி வந்திருந்தார். மருமகன் தரையைப் பார்த்தபடி உள்ளதைச் சொல்லி முடித்தார்.

மாமனார் குனிந்து நுண்ணோக்கியில் வெகுநேரம் பார்த்தார்.

"இனத்துக்குப் பேரு இருந்தா இருந்துட்டுப் போகட்டும். இந்தப் புழுவுக்குத் தனியா பேரு உண்டா?"

"இல்ல மாமா."

"அப்ப அந்தத் தகட்டுல என் பேரை எழுதுங்க."

எழுதி ஒட்டியதும் மாமனார் நிமிர்ந்தார். "பாத்தியாய்யா? என் பேருல புழு இருக்கா இல்லையா?"

தையல்காரர் கண்ணை இடுக்கிப் பார்த்தார். "வெறும் தலைதானே இருக்கு? உடம்பு எங்க?"

"அது வேற டப்பாவுல இருக்கு" என்றார் மருமகன்.

"அதுலயும் எழுதிடுங்க மாப்பிள்ளை" என்றார் மாமனார்.