குவாரி மேல்மண்

டிப்பர் லாரி குவாரிப் பள்ளத்துக்குள் இறங்காமல் மெயின் ரோட்டைப் பிடித்தது. பின்னால் மண்ணின் மேல் உட்கார்ந்திருந்த சொர்ணம் கேபின் கூரையில் ஓங்கி ஓங்கி அடித்தாள். டிரைவர் ஜவஹர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வண்டி மயிலாப்பூரில் ஒரு புது வீட்டு கேட்டுக்கு முன்னால் போய்த்தான் நின்றது.

பின்னாலேயே பைக்கில் வந்த சூப்பர்வைசர் செந்தில்குமார், "எறங்கு, தோட்டத்துக்குக் கொட்டணும்" என்றான்.

கல் வெட்டத் தொடங்கும் முன் வழித்தெடுத்துக் குவித்த மண் அது. கல் தீர்ந்ததும் பள்ளத்தை நிரப்பி, அந்த மண்ணையே மேலே பரப்ப வேண்டும் என்பது சர்க்கார் உத்தரவு. பரப்பிவிட்டால் ஆளுக்கொரு பாத்தி கீரை போட்டுக்கொள்ளலாம் என்று முதலாளி ஊரைக் கூட்டிச் சொன்னார். கல்தூசியில் நெஞ்சு வெந்து புருஷன் போனபின் சொர்ணம் பிடித்துத் தொங்கியது அந்த ஒரு பேச்சைத்தான். அதற்காகத்தான் காலையிலிருந்து கூலி வாங்காமல் வாரி ஏற்றினாள்.

"இது பள்ளத்துக்குப் போவணும்டா."

"அத்த கேக்க நீ இன்னா கலெக்டரா?"

"பள்ளத்துக்கு இன்னாத்த போடுவ?"

"இடிச்ச கட்டட ரப்பீஸு கீது. அதுல கீர நட்டு நல்லா தண்ணி ஊத்து, மொளைக்கும்."

"எறங்க மாட்டேன்."

"ஜவஹரு, தூக்கு."

"பொம்பள குந்திகினு கீது, நைனா."

"வழுக்கிக்கினு வருவா. தூக்குடா."

தொட்டி எழும்பியது. மண்ணோடு மண்ணாகச் சரிந்து கேட்டை ஒட்டி விழுந்தாள். இடுப்பு வரை மூடிக்கொண்டது. வாய் மண்ணைத் துப்பினாளே தவிர எழுந்திருக்கவில்லை. செந்தில்குமார் அவள் தோளைப் பிடித்து இழுத்தான்.

வீட்டுக்கார அம்மாள் ஹம்சா வெளியே வந்தாள். "கார் எப்படி வெளில வரும்? வாசல்ல உக்காந்துண்டு என்ன கூத்து இது? போலீஸைக் கூப்பிடப் போறேன்."

"கூப்டும்மா," என்றாள் சொர்ணம். "இந்த மண்ண யார கேட்டு வித்தான்னு அவுங்களே இவன கேக்கட்டும்."

தோளைப் பிடித்த கை தளர்ந்தது. "போலீசெல்லாம் வேணாம் மேடம்."

"ஏன் வேண்டாம்?"

செந்தில்குமார் பைக் பக்கம் நகர்ந்தான். ஹம்சாவுக்குப் புரிந்துவிட்டது.

"திருட்டு மண்ணை என் ஆத்து வாசல்ல கொட்டிட்டு நிக்கறியா? வாரிண்டு போ. இவளையும் சேத்து அழைச்சுண்டு போ."

செந்தில்குமாரும் ஜவஹரும் மண்வெட்டியை எடுத்தார்கள். வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. வாரி முடித்ததும் செந்தில்குமார் சொர்ணத்திடம் நெருங்கி வந்து சொன்னான்:

"குவாரிக்கு வா. உன் குடிச அங்க நிக்குதான்னு பாக்கலாம்."

"மொதல்ல பள்ளத்துல கொட்டு. அப்பாலிக்கா வந்து இடி."

ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, டயரில் கால் வைத்துச் சொர்ணம் மண்ணின் மேல் ஏறினாள்.