மூட்டுக்கு மருதாணி

விழாவில் பதினைந்து பேர் ஒரே வரிசையாகக் குதிரையை விரட்டி வந்து, ஒரே நொடியில் துப்பாக்கியால் வானை நோக்கிச் சுட்டு, ஒரே நொடியில் நிறுத்த வேண்டும். குழுவின் தலைவருக்கு வலப்பக்க இடம் யாருக்கு என்பதுதான் பூஷ்தாவின் தூக்கத்தைக் கெடுத்தது. ஒன்பது வருடமாக அது அவனுடைய இடம். இப்போது தலைவரின் கண் ஜிலாலி மேல் இருந்தது. ஜிலாலி வேறு யாருமில்லை, பூஷ்தாவின் தங்கை ஸஹ்ராவைக் கட்டியவன்.

இருவரின் குதிரைக்கும் வயது பதினான்குதான். ஆனால் பூஷ்தாவின் அத்ஹம் நிற்கும்போது பின்னங்கால் மூட்டு வலியில் தடுமாறியது. ஜிலாலியின் சிவப்புக் குதிரையோ ஆணி அடித்த மாதிரி நின்றது. பாவி, எல்லா அதிர்ஷ்டமும் அவன் வீட்டுக்கே போகிறதே!

பூஷ்தா ஒருவருக்கும் சொல்லாமல், ஒரு வெள்ளிக்கிழமை காலை குதிரை டாக்டர் நாதிராவை வரவழைத்தான். அவள் மூட்டைச் சுத்தமாகக் கழுவி ஊசி போட்டாள்.

"தேய்மானம்தான். நாலு நாள் சவாரி கூடாது. முக்கியமா, ஊசி போட்ட இடத்துல ரெண்டு நாளைக்கு ஒண்ணும் படக்கூடாது. கிருமி உள்ள போச்சுன்னா மூட்டே போயிடும்."

அன்று சாயங்காலம்தான் விழாக் குதிரைகளுக்கு மருதாணி வைக்கும் முறை. ஸஹ்ரா சட்டியோடு வந்தாள். ஜிலாலி தன் குதிரையைப் பிடித்துக்கொண்டு, "இவனுக்கு நெத்தியில மட்டும் வை. காலுக்கு வேணாம்" என்றான்.

காலுக்கு வேண்டாமாம்! என்ன திமிர்! பூஷ்தாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் குதிரைக்கும் வேண்டாமென்றால் ஊசி விஷயம் வெளியே வந்துவிடும்.

"என்ன மச்சான், அத்ஹமுக்கும் நெத்தியோட விட்டுடலாமா?" என்று கேட்டான் ஜிலாலி.

"உன் குதிரை மாதிரியா இது? ஸஹ்ரா, மூட்டுக்கு நல்லா அப்பு!"

மூன்றாம் நாள் மூட்டு பூசணிக்காயாய் வீங்கிக் கொதித்தது. அத்ஹம் காலை ஊன்றவே இல்லை. ஜிலாலிதான் வண்டி கொண்டு வந்தான். ஆஸ்பத்திரியில் மூட்டைத் திறந்து கழுவினார்கள்.

"பொழச்சிடும். இனி ஓடாது" என்றாள் நாதிரா. "மருதாணியா வச்சீங்க? ஜிலாலிகிட்ட கேட்டிருக்கக் கூடாதா? அவர் குதிரைக்கும் முந்தின நாள்தானே இதே ஊசி போட்டேன்?"

பூஷ்தா மச்சானைப் பார்த்தான்.

"நாலு வருஷமா போடறேன்யா" என்றான் ஜிலாலி. "நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருக்க மாட்டேனா? சரி விடு. விழாவுக்கு நான் போகல, உன்கூட இருக்கேன்."

"போய்த் தொலை! அந்த இடத்த வேற எவனுக்காவது விட்டுக் குடுத்தே, தொலைச்சிடுவேன்."

ஜிலாலி சிரிக்கவில்லை. அத்ஹமின் கழுத்தைத் தடவினான். அது மெல்லத் தலையை இறக்கி அவன் தோளில் சாய்த்துக்கொண்டது. பூஷ்தாவுக்கு அப்போதும் வயிறு எரிந்தது.