கோட்டைப் பேய்க்குக் குடை பிடித்தவள்

முருகம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. அதனால் தன்னிடமிருந்த சினிமா விளம்பரங்களுக்கெல்லாம் அவளே பெயர் வைத்திருந்தாள். முதலையின் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறவன் ‘முதலைக்காரன்’. குதிரையோடு பாறையிலிருந்து பாய்கிறவள் ‘சவுக்குக்காரி’. மண்டையோடும் மெழுகுவர்த்தியுமாக இருந்தது ‘எலும்பு வீடு’. எல்லாம் ஒரு தகரப் பெட்டிக்குள், வேப்பிலைச் சருகுக்கு நடுவே மடிந்து கிடந்தன.

அவற்றைக் கொண்டுவந்து கொடுத்தவன் அவள் புருஷன் பிச்சைமணி. தென்காசி ரயில் நிலையத்தில் பார்சல் இறக்குகிறவன். டூரிங் டாக்கீஸ்களுக்கான படப்பெட்டியும் போஸ்டர் கட்டும் ரயிலில்தான் வரும். கல்யாணமான வருஷம், மழையில் நனைந்த ஒரு போஸ்டர் கட்டை டாக்கீஸ் ஆள் வேண்டாமென்று போட்டுவிட்டுப் போனான். அரிசிப் பானைக்கு அடியில் விரிக்கலாமென்று பிச்சைமணி அதிலிருந்து ஒன்றை உருவி வந்தான். முருகம்மாள் அதைப் பானைக்கடியில் போடவில்லை. நிழலில் உலர்த்தி, செம்பில் தணல் போட்டுத் தேய்த்து, சுருக்கம் எடுத்தாள். பாழடைந்த கோட்டை வாசலில் தலைவிரி கோலமாக ஒரு வெள்ளை உருவம் தீப்பந்தத்தோடு நின்றது. மதிலிலிருந்து கயிற்றில் ஒருவன் கத்தியைக் கவ்விக்கொண்டு இறங்கினான். அதுதான் ‘கோட்டைப் பேய்’. அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்த பிச்சைமணி, அதன்பிறகு ஒவ்வொரு கட்டிலும் ஒன்று கேட்டு வாங்கி வந்தான்.

ஆனால் ஒரு படத்தைக்கூட அவள் பார்த்ததில்லை. கொட்டகைக்குக் கூப்பிட்டால், “தாள்ல இருக்கிற பேயி நின்ன எடத்துல நிக்கும். அங்கன நடந்துல்லா வரும்?” என்பாள்.

யுத்தம் வந்தது. காகிதத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. நாற்பத்து மூன்றாம் வருஷம் ஆனி மாதம், குற்றாலத்தில் சீசனுக்குக் கொட்டகை போட்டிருந்த மானேஜர் தளவாய், பிச்சைமணியோடு வீட்டுக்கே வந்துவிட்டார்.

“தங்கச்சி, பழைய பேய்ப் படம் ஒண்ணு மறுபடி வந்திருக்கு. பெட்டி மட்டும்தான் வந்துது. ஒரு போஸ்டர் கெடையாது. அருவிக்கு வாற சனம் கொட்டகைய எட்டிக்கூடப் பாக்க மாட்டேங்கு. உங்கிட்ட அந்தப் போஸ்டர் இருக்காம்லா?”

“சொவத்துல ஒட்டினா பெறவு எனக்கு எப்படி அண்ணாச்சி வரும்?”

“துட்டு தாரேன்மா.”

“துட்டு வேண்டாம்.”

பிச்சைமணிக்குச் சங்கடமாக இருந்தது. “ஏட்டி, வீடு தேடி வந்திருக்காவ” என்றான். அவள் உள்ளே போனாள். தளவாய் மேல்துண்டை உதறி எழுந்துவிட்டார். அதற்குள் அவள் ஒரு பழைய வேட்டியோடு திரும்பி வந்தாள்.

“இதுல கஞ்சிப் பசை வச்சு ஒட்டி, ஓரம் தச்சுத் தாரேன். தட்டியில கட்டித் தொங்க விடுங்க. ஆனா சாரல் விழுந்தா மூடணும். அதுக்கு நானே வருவேன்.”

குற்றாலத்துச் சாரல் சொல்லிவிட்டு வருவதில்லை. ஐந்தருவிக்குப் போகும் பாதையில் தட்டி நட்டார்கள். முருகம்மாள் ஓலைக்குடையும் சாக்குமாக அதன் அடியில் உட்கார்ந்தாள். குளித்துவிட்டு ஈரத்துணியோடு வந்தவர்கள் பேயைப் பார்த்து நின்றார்கள். “என்ன கதை தாயி?” என்று ஒரு கிழவர் கேட்டார். தெரியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

“அது பேயில்ல பெரியவரே, பெத்தவ. கோட்டையக் கட்டுதப்போ இவள உசுரோட மதில்ல வச்சுப் பூசிட்டானுவ, பலியா. அவ பிள்ளையத் தேடித்தான் பந்தத்தோட அலையுதா. கயித்துல எறங்குதாம் பாருங்க, அவந்தான் பிள்ளை. அவளைக் கொல்லத்தான் வாரான், பாவி, தாயின்னு தெரியாம.”

“ஐயோ! பெறவு?”

“பெறவு கொட்டகையில தெரியும்.”

அன்றைய முதல் ஆட்டத்துக்கே கொட்டகை நிரம்பிவிட்டது. மறுநாள் காலை அந்தக் கிழவர் நேராகத் தளவாயிடம் போய் நின்றார். “படத்துல அந்தப் பெத்தவ எங்கய்யா? பேயின்னு வந்தவன் கடைசியில மந்திரியில்லா! போர்வையப் போத்திக்கிட்டு நம்மள ஏமாத்திட்டான்.” அவர் பின்னால் இன்னும் நாலைந்து பேர் நின்றார்கள்.

தளவாய் அவர்களைச் சமாதானம் பண்ணி அனுப்பிவிட்டு, தட்டிக்கு வந்தார். “தங்கச்சி, நீ படத்தப் பாத்திருக்கியா?”

“இல்ல அண்ணாச்சி” என்று அவள் தலை குனிந்தாள்.

“இன்னைக்குப் பாக்கணும். ரெண்டு பேரும் வாங்க.”

சாயங்காலம் பெண்கள் பக்கத்தில், தடுப்பை ஒட்டி உட்கார்ந்தாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் பிச்சைமணி. விளக்கு அணைந்ததும் தடுப்புக்கு அடியில் கையை நீட்டி அவன் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டாள். பேய் நடந்து வந்தபோது பிடி இறுகியது. பத்து நிமிஷத்தில் தளர்ந்தது. போர்வைக்குக் கீழே மந்திரியின் சரிகைச் செருப்பு தெரிந்ததும் கையை எடுத்தேவிட்டாள்.

வெளியே வந்ததும் தளவாய் கேட்டார், “எப்படி?”

“இதுக்கா அண்ணாச்சி நான் ஏழு வருசம் பயந்தேன்?” அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. “அந்தப் பொம்பளைக்கு ஒரு நாயம் வேண்டாமா?”

தளவாய் சிரித்துவிட்டார். “நாளையிலேருந்து கதை சொல்லாத. கேட்டா, கயித்துல எறங்குதவன் யாருன்னு நீங்களே போய்ப் பாருங்கன்னு மட்டும் சொல்லு.”

அப்படியே சொன்னாள். கூட்டம் முன்போல இல்லை. ஆனாலும் படம் ஒன்பது நாள் ஓடியது. போஸ்டரில் ஒரு மூலை மட்டும் சாரலில் சாயம் இளகியிருந்தது. தளவாய் அதைத் தன் கையாலேயே சுருட்டிக் கொடுத்தார்.

கடைசி நாள் வெயில் தாழ இருவரும் தென்காசிக்கு நடந்தார்கள். மேலகரம் தாண்டியதும் பிச்சைமணி தோளில் இருந்த சுருளை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, “ஊருக்கெல்லாம் சொல்லியிருக்க. எங்கிட்ட ஒருநாளும் சொன்னதில்லியே” என்றான்.

“நீங்க கேக்கவே இல்லியே.”

“இப்பக் கேக்கேன். அந்தப் பிள்ளை தாயக் கண்டுபிடிச்சானா?”

முருகம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “மொதல்லேருந்து சொல்லணும்லா. அவ பேரு பொன்னி. அந்தக் கோட்டைக்குக் கல்லு சொமக்க வந்தவ…”

வீடு வந்த பிறகும் கதை முடியவில்லை. பிச்சைமணி பூட்டைத் திறக்காமல் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, “பெறவு?” என்றான்.