சுமினோவின் மூன்று குரல்

அடிக்கப் போகிறவன் எங்கேயாவது அடிக்கு ஒரு பெயர் வைத்து, அதைக் கத்திச் சொல்லிவிட்டு அடிப்பானா? எனக்கு நாற்பத்தொரு வயதாகிறது. எத்தனையோ சண்டை பார்த்திருக்கிறேன். கல்யாண மண்டபத்துப் பந்தியில், ரேஷன் கடை வரிசையில், போன வருஷம் எங்கள் பிளாக் முனையில் இரண்டு ஆட்டோக்காரர்களுக்கு நடுவில். ஒருத்தனும் "இதோ பார், இந்தக் குத்துக்குப் பேர் இன்னது" என்று அறிவித்துவிட்டுக் கை ஓங்கவில்லை. இதைத்தான் பக்கத்து குவார்ட்டர்ஸ் பிரவின்குமாரிடம் கேட்டேன்.

"அக்கா, அது வீடியோ கேம்லேர்ந்து வந்த கதை. கேம்ல அப்படித்தான் கத்துவாங்க" என்றான்.

பிரவின்குமார் சென்னையில் ஒரு டப்பிங் கம்பெனிக்கு வேலை செய்கிறான். வேலை சென்னையில், ஆள் இங்கே சுரங்க டவுன்ஷிப்பில், அப்பா அம்மாவின் குவார்ட்டர்ஸில். 'இரும்பு வாசல்' என்று ஒரு கேம் இருக்கிறதாம். திரையில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று அடித்துக்கொள்வார்கள், வேறு ஒன்றும் கிடையாது. அதை வைத்து ஜப்பானில் ஒரு தொடர் எடுத்துவிட்டார்கள். நான் கார்ட்டூன் என்றேன். அவனுக்கு முகம் சுருங்கிப் போய்விட்டது. "கார்ட்டூன் இல்ல, அனிமே அக்கா" என்றான். சரி, அனிமே. அதைத் தமிழில் பேசவைக்கும் பொறுப்பு முதல் தடவையாக அவன் தலையில் விழுந்திருந்தது.

அதில் சுமினோ என்று ஒரு பெண். நாற்பது தாண்டியவள், எலும்பு பெருத்த உடம்பு, பொதுக் குளியல் கூடத்தில் துணி துவைக்கிறவள். அவளுக்குப் பேச வேண்டிய சென்னைக்காரம்மாவுக்குத் தொண்டையில் ஏதோ வந்து, ஒரு மாதம் வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு நாலு பெண்களைப் பேச வைத்துப் பார்த்தார்களாம். எல்லாம் பாட்டுப் போட்டிக்கு வந்த பிள்ளைகள் மாதிரி இழைத்து இழைத்துப் பேசியிருக்கிறார்கள்.

"உங்க குரல் வேணும்க்கா. கட்டையா, கணீர்னு, தூரத்துக்குக் கேக்கற குரல்."

என் குரல் தூரத்துக்குக் கேட்கும்தான். என் வீட்டுக்காரர் தனகோட்டி சுரங்கத்தில் பெர்மனென்ட். அவரை வைத்துத்தான் எங்களுக்கு இந்த குவார்ட்டர்ஸ். நான் அதே சுரங்கத்தில் பதினாலு வருஷமாக கான்ட்ராக்ட். பெல்ட் கன்ட்ரோல் ரூமில் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன். நிலக்கரி போகும் பெல்ட் ஒவ்வொன்றும் கிலோமீட்டர் கணக்கில் நீளம். நின்ற பெல்ட்டைத் திரும்ப ஓட்டுவதற்கு முன்னால் நான் மைக்கில் சொல்ல வேண்டும், பக்கத்தில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் விலக வேண்டும். அத்தனை ஆம்பிளைகளும் என் ஒரு குரலுக்குக் கட்டுப்பட்டவர்கள். ஆனால் அவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு என் முகம் தெரியாது, பேர் தெரியாது. 'கன்ட்ரோல்' என்பார்கள். ஒரு நாள் பஸ் ஸ்டாப்பில் என் பக்கத்திலேயே நின்றுகொண்டு ஒருத்தர் தன் சம்சாரத்திடம் சொல்கிறார், "அந்த கன்ட்ரோல் பொம்பள இன்னிக்கு மூணு வாட்டி பெல்ட்ட நிறுத்திட்டா." நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதனால் பிரவின்குமார் அடுத்துச் சொன்னது என்னைப் பிடித்துக்கொண்டது. "எபிசோட் முடிஞ்சதும் பேர் வரும்க்கா. சுமினோ, மலர்கொடின்னு தமிழ்லயே போடுவோம்."

ஆசை வந்துவிட்டது. மறைப்பானேன். அன்றைக்குச் சாம்பாரில் உப்பு இரண்டு தடவை போட்டேன்.

"உன் பேர் டிவில வரப்போவுதா? அப்ப இனிமே ஆட்டோகிராப் வாங்கிக்கினுதான் சோறு சாப்புடணும் போலக்கீதே" என்றார் தனகோட்டி. அவருக்கு ஊர் குறிஞ்சிப்பாடிப் பக்கம். கிண்டல் என்றால் பேச்சில் ஊர் தானாக வந்துவிடும். நான் தட்டைக் கொஞ்சம் வேகமாகத்தான் வைத்தேன்.

முதல் ஷிப்ட் முடிந்து வியாழக்கிழமை மத்தியானம் பிரவின்குமார் வீட்டுக்குப் போனேன். படுக்கையறைச் சுவர் முழுக்க மெத்தையும் கம்பளியும் தொங்கின. சத்தம் பதிவாகிவிடும் என்று ஃபேனை நிறுத்திவிட்டான். அவன் அம்மா கனகம் குக்கர் வைக்கக் கூடாது என்று ஏற்பாடு, அந்த அம்மா ஹாலில் உட்கார்ந்து அதற்காக முறைத்துக்கொண்டிருந்தார். லேப்டாப்பில் சென்னையிலிருந்து டைரக்டர் விஜயராஜ். கண்ணாடி போட்டவர், அதிகம் சிரிக்காதவர்.

அன்றைக்குப் பேச வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. சுமினோவின் பெரிய அடிக்குத் தமிழில் 'மலைச்சரிவு' என்று பெயர் வைத்திருந்தார்கள். அதை ஓங்கிக் கத்த வேண்டும். படம் காட்டவில்லை, வார்த்தையை மட்டும் முதலில் கேட்கலாம் என்றார்.

மைக்கைப் பார்த்தேன். முதுகு தானாக நிமிர்ந்தது.

"மலைச்சரிவு" என்றேன். நிறுத்தினேன். மனசுக்குள் ஐந்து எண்ணினேன். "மலைச்சரிவு." மறுபடி ஐந்து. "மலைச்சரிவு."

டைரக்டர் திரைக்குக் கிட்டே வந்தார்.

"மேடம், எதுக்கு மூணு வாட்டி?"

"வழக்கம் சார்."

"ஒரு வாட்டி போதும். நடுவுல எதுக்கு அவ்ளோ கேப் விடறீங்க?"

"விலகறதுக்கு நேரம் குடுக்கணும்ல சார்."

பிரவின்குமார் வாயைப் பொத்திக்கொண்டான். டைரக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மேடம், நீங்க அவனை அடிக்கப் போறீங்க. விலகச் சொல்லல. எனக்குக் கோவம் வேணும். இது ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி இருக்கு."

ஒரு தடவையாகக் கத்திப் பார்த்தேன். எட்டு முறை கத்தினேன். எட்டும் மரியாதையாகவே வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை பார்க்கலாம், சரியாக வராவிட்டால் வேறு ஆள் தயாராக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

எனக்குக் கோபம் வராதாம். இதைக் கேட்டால் எங்கள் பிளாக்கே சிரிக்கும். பால்காரன் முதல் கேபிள்காரன் வரை என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் கிடையாது. ஆனால் மைக் முன்னால் உட்கார்ந்தால் அந்த மலர்கொடி வேறு. பதினாலு வருஷப் பழக்கம். மைக்கில் பதறினால் கேட்கிறவர்களும் பதறுவார்கள், பதறினவன் காலை எங்கே வைப்பான் என்று சொல்ல முடியாது. அதனால் வீட்டில் என்ன சண்டை போட்டுவிட்டுப் போனாலும் மைக்கில் குரல் நிதானமாகத்தான் வரும். மூன்று முறை சொல்வதும் அப்படித்தான். முதல் தடவை கேட்டால் தலையைத் தூக்குவார்கள். இரண்டாம் தடவைக்குக் கையிலிருக்கிற சாமானை எடுப்பார்கள். மூன்றாம் தடவைக்கு விலகியிருப்பார்கள். இந்த மூன்றும் நடக்கிற நேரத்தை நான் விட்டாக வேண்டும்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் வீட்டில் பழகினேன். சனிக்கிழமை அடுப்படியில் நின்று வழக்கம்போல மூன்றாகச் சொல்லிப் பார்த்தேன். திரும்பினால், ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த தனகோட்டி நாற்காலியை விட்டு எழுந்து சுவரோரம் நிற்கிறார்.

"இன்னாத்துக்கு எழுந்தீங்க?"

அவரே தன் காலைப் பார்த்துக்கொண்டார். "தெரியலியே. நீ சொன்ன, எழுந்துட்டேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இந்தக் குரலைத்தான் வேண்டாம் என்கிறார்கள்.

ப்ளஸ் டூ படிக்கிற என் பெண் தமிழ்நிலா போனில் அந்த கேமைத் திறந்து காட்டினாள். "இவதாம்மா உன் ஆளு. ஆடறதுக்கு இவள யாரும் எடுக்க மாட்டாங்க. பட்டனத் தட்டினா அடி உடனே வராது. கையப் பின்னால கொண்டுபோவா, விரல மடக்குவா, காலை மாத்தி வைப்பா, அப்பறம்தான் அடிப்பா. அதுக்குள்ள எதிராளி ஓடிடுவான்."

"இன்னொரு வாட்டி காட்டு" என்றேன்.

கை பின்னால் போனது. விரல் மடங்கியது. கால் மாறியது. ஒன்று, இரண்டு, மூன்று. நான் போனைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

"இவ மெதுவா அடிக்கலடி. நேரம் குடுக்கறா."

"அம்மா, அது கேம்."

கேமாக இருந்தால் என்ன. அடியின் பெயரைக் கத்தினால் எவனாவது பயப்படுவான் என்றா கத்துகிறாள்? அந்தக் கை எவ்வளவு கனம் என்று அவளுக்குத் தெரியும். விழுந்தால் தாங்க மாட்டான் என்று தெரியும். அதனால்தான் சொல்கிறாள். எனக்கு அது பளிச்சென்று புரிந்துவிட்டது, கண்ணாடி போட்ட அந்த மனுஷனுக்குத்தான் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மறுபடி அதே கம்பளி அறை. பிரவின்குமார் முகத்தில் சுரத்தே இல்லை. தனகோட்டி துணைக்கு வருகிறேன் என்று வந்து கனகத்தக்காவோடு ஹாலில் உட்கார்ந்தார்.

"சார், ஒரே ஒரு விண்ணப்பம்" என்றேன். "வெறும் வார்த்தையச் சொல்லச் சொல்லாதீங்க. படத்தப் போடுங்க. முழுசா. நான் அவளோட சேந்து சொல்றேன். பிடிக்கலன்னா நானே எழுந்து போயிடறேன்."

"லிப் சிங்க் ஒதைக்குமே மேடம். வாயசைவும் குரலும் சேராது."

"சார், அவ வாயில துணி கட்டியிருக்கா" என்றான் பிரவின்குமார். "துவைக்கற இடத்துல கட்டினது. எப்ப பேசறான்னே தெரியாது." அன்றைக்கு அவன் எனக்காகப் பேசிய ஒரே வார்த்தை அதுதான். நான் மறக்க மாட்டேன்.

டைரக்டர் பெருமூச்சு விட்டார். படம் ஓடியது.

குளியல் கூடத்தின் பின்கட்டு. ஈரத் துணிகள் கொடி கொடியாகத் தொங்குகின்றன. எதிரே தோருகி என்று ஓர் இளவட்டம், இருபது வயதிருக்கும். ஊரில் எல்லாரையும் ஜெயித்துவிட்டான், இவள் ஒருத்திதான் பாக்கி. சுமினோ கையை வீசி அவனைப் போகச் சொல்கிறாள். அவன் சிரிக்கிறான். அவள் கை பின்னால் போகிறது.

"மலைச்சரிவு" என்றேன். என் கன்ட்ரோல் ரூம் குரலில்தான்.

அவன் தலையைத் தூக்கிப் பார்த்தான். சரி, கேட்டுவிட்டது.

அவள் விரல்கள் மடங்கின. "மலைச்சரிவு."

அவன் நகரவில்லை. கொடியில் துணி மட்டும் ஆடியது. அவள் கால் மாறியது. இதற்குமேல் அவளாலும் நிறுத்த முடியாது என்று எனக்குத் தெரிந்தது.

"மலைச்சரிவு."

அவன் அங்கேயே நின்றான். அடி விழுந்தது. பையன் மூன்று கொடித் துணியையும் இழுத்துக்கொண்டு போய்ச் சுவரில் மோதிக் கீழே சரிந்தான். வெள்ளைத் துணி ஒன்று அவன்மேல் விழுந்து மூடியது.

காகிதத்தில் அடுத்து சுமினோவுக்கு ஒரு வசனம் இருந்தது. "இதுதான் என் பலம்" என்று எழுதியிருந்தது. நான் அதைப் பார்க்கவே இல்லை.

"ஏன்டா விலகல?" என்றேன். "மூணு வாட்டி சொன்னேனே. காது கேட்டுச்சுல்ல? தலையத் தூக்கிப் பாத்தல்ல? பாத்துட்டு ஏன்டா அங்கயே நின்ன?"

எங்கிருந்து வந்தது அந்தக் குரல் என்று எனக்கே தெரியாது. தொண்டை கிழிந்தது. மைக் முன்னால் நான் கத்தியது அதுதான் முதல் தடவை. ஹாலில் நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது, அப்புறம் கதவோரம் தனகோட்டி. கிண்டல் செய்கிற முகமாக அது இல்லை.

படம் ஓடி முடிந்துவிட்டது. எழுதாத வசனத்தைப் பேசிவிட்டேனே என்று அப்போதுதான் உறைத்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று மைக்கைத் தள்ளி வைத்தேன்.

"பிரவின்" என்றார் டைரக்டர். "ரெக்கார்ட் ஆச்சா?"

"ஆச்சு சார்."

"மூணு கத்தலும் அப்படியே இருக்கட்டும். அந்தக் கடைசி வசனமும். பேப்பர்ல இருக்கறத அடிச்சிடு." பிறகு என்னைப் பார்த்தார். "மேடம், இவ மேல எனக்கு இவ்ளோ நாளா ஒரு அபிப்பிராயம் இருந்தது. தப்பா வச்சிருந்திருக்கேன். அவ வர்ற மீதி ரெண்டு எபிசோடும் நீங்கதான். பேர் எப்படிப் போடணும், இனிஷியலோட சொல்லுங்க."

இந்த ஒரு கேள்விக்காக மூன்று நாளாக மனசுக்குள் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அப்பா இனிஷியலா, வீட்டுக்காரர் இனிஷியலா என்று தமிழ்நிலாவோடு விவாதமே நடந்தது. இப்போது ஒன்றும் ஞாபகத்தில் இல்லை. திரையில் அந்த வெள்ளைத் துணி அசையாமல் அப்படியே நின்றிருந்தது. பதினாலு வருஷத்தில் நான் மூன்று முறை சொல்லியும் விலகாத முதல் ஆள் அவன்.

"பேர் கெடக்கட்டும் சார்" என்றேன். "அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஆகலியே?"

டைரக்டர் அன்றைக்குத்தான் முதல் முறையாகச் சிரித்தார். "அடுத்த எபிசோட்ல எழுந்துடுவான் மேடம்."

"நெசமாவா?"

"எழுந்து வந்து உங்ககிட்டயே வேலைக்குச் சேருவான். துணி அலச."

அதைக் கேட்ட பிறகுதான் தனகோட்டி நீட்டிய தண்ணீரை வாங்கிக் குடித்தேன்.