ருய்லியான் பின்னால் போன கல்வெட்டு

கல்வெட்டு நட்ட மூன்றாம் நாள், அதைச் சுமந்திருந்த கல் ஆமை கோயில் வாசலிலிருந்து எழுந்து ருய்லியானின் பின்னாலேயே சந்தைக்குப் போனது. அன்று முள்ளங்கி மலிவு.

பதினெட்டு வயதில் கணவனை இழந்து, ஐம்பது வயதுவரை மறுமணம் செய்யாத உத்தமி என்று பேரரசரின் ஆணையோடு அவளுக்காக நட்ட கல் அது. மனுப்போட்டு வாங்கியவர் கணவனின் அண்ணன் பெங் ஷௌயீ. பெங் குலத்துக்கே பெருமை. ருய்லியானைத்தான் யாரும் கேட்கவில்லை. டோஃபு என்னும் சோயாக் கட்டி விற்கும் காவ் தூவைக் கட்டிக்கொள்ள அவளுக்குக் கொள்ளை ஆசை. கல்லில் எழுதிவிட்ட பிறகு அது எங்கே நடக்கும்? இரண்டு நாள் அழுது தீர்த்தாள்.

பேரரசரின் ஆணை பொறித்த கல்லைக் கண்டால் எவரும் மண்டியிட வேண்டும். பல்லக்கில் போகிறவர் இறங்கியாக வேண்டும். ருய்லியான் உப்பு வாங்கக் கிளம்பினால் கடைத்தெருவே முட்டிபோட்டது. பாதி மழித்த தலையோடு ஒருவர், கத்தியோடு நாவிதர். மாவட்ட அதிகாரி ஒரே நாளில் பதினேழு முறை பல்லக்கை விட்டு இறங்கி, கடைசியில் நடந்தே வீடு போய்ச் சேர்ந்தார். முதல் வாரம் பயந்து செத்த ருய்லியான், இரண்டாம் வாரம் வேண்டுமென்றே சுற்றுவழியில் போனாள். எந்த வழியில் போனாலும் காவ் தூவின் கடையில்தான் போய் நின்றாள். எதிர்வீடு ஷௌயீயுடையது. அவர் முழங்கால் பூசணியாக வீங்கிவிட்டது.

“ஏம்மா, ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் டோஃபு வாங்குவே?”

“மூணு வேளையும் அதானே மாமா திங்கிறேன். எந்திரிங்க, தரையெல்லாம் ஈரம்.”

“கல்லு நிக்கறப்ப எப்படி எந்திரிக்கிறது? அவனையே கட்டிக்கிட்டுத் தொலை! அப்பவாவது ஒரு இடத்துல இருப்பே!”

“இதை நாலு பேர் முன்னால சொல்லுங்க.”

“தெருவே மண்டிபோட்டுக் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கு!”

மறுமணம் செய்யும் விதவைக்கு, மணப்பெண் ஏறும் சிவப்புப் பல்லக்கு கிடையாது. அதனால் ஆமை முன்னங்கால்களை மடக்கியது. தன் புகழ் பொறித்த கல்லில் சாய்ந்துகொண்டு ருய்லியான் ஊர்வலம் போனாள். வழிநெடுக ஊரே மண்டியிட்டது. பேரரசரின் மகளுக்குக்கூட அப்படி ஒரு கல்யாணம் நடந்திருக்காது.

கடை வாசலில் கையில் கிண்ணத்தோடு காவ் தூ நின்றிருந்தான். “சாப்ட்டியா?” என்றான். அந்த ஊரில் எதிர்ப்படுகிறவர்களெல்லாம் கேட்பதுதான். ஆனால் முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் பதிலுக்காக ஒருவரும் நின்றதில்லை. இவன் நின்றான். “இல்லைங்க” என்று சொல்லிவிட்டு அவள் தெருவறிய அழுதாள்.

ஆமை அந்த வாசலிலேயே தங்கிவிட்டது. காலையில் இரண்டு கிண்ணம் சோயாச் சக்கை தின்கிறது. அங்கே டோஃபுவை முட்டிபோட்டுத்தான் வாங்க வேண்டும். அதைப் பற்றி யாரும் குறை சொல்வதில்லை; சொன்னால் உப்பு குறைவு என்றுதான் சொல்வார்கள்.