மூட்டை படுத்துப் பார்த்த வலைத்தொட்டில்

இரண்டு மரத்துக்கு நடுவே கட்டித் தூங்கும் வலைத்தொட்டில்களைப் பின்னும் அந்தப் பட்டறையில் அவருக்கு வேலையே படுப்பதுதான். சிரிக்க வேண்டாம், படுத்துக்கொண்டே சம்பளம் வாங்கவும் ஒரு கொடுப்பினை வேண்டும். நூற்றுப்பத்து கிலோ உடம்பு. எல்லோரும் 'மூட்டை' என்றுதான் கூப்பிட்டார்கள், அவரும் கோபித்துக்கொண்டதில்லை. பின்னி முடித்த ஒவ்வொரு தொட்டிலிலும் அவர் ஏறிப் படுத்து, புரண்டு, எழுந்த பிறகுதான் அது விற்பனைக்குப் போகும்.

வாங்க வருகிறவர்களை முதலாளியம்மா கதை சொல்லாமல் விடமாட்டார். கடலுக்கு அந்தப் பக்கத்து ஜனங்கள் பாம்புக்கும் பூச்சிக்கும் பயந்து மரப்பட்டை நாரில் பின்னியதாம் இது. கப்பல்காரர்கள் அதைப் பார்த்துவிட்டுக் கப்பலுக்குள் கட்டிக்கொண்டார்களாம். இப்போதோ லாரிக்காரர் வண்டிக்கு அடியில் கட்டித் தூங்குகிறார், ஒரு புண்ணியவதி அதில் வெங்காயம் கொட்டி வைத்திருக்கிறார். நேராகப் படுத்தால் முதுகு வளையும், குறுக்காகப் படுங்கள் என்பார். படுத்துக் காட்ட மூட்டை வருவார்.

வினை சர்க்கரை வியாதியாக வந்தது. எடையைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். வீட்டுக்காரி அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டாள். எட்டு மாதத்தில் முப்பது கிலோ போன இடம் தெரியவில்லை. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், அவருக்கு மட்டும் கவலை. கனம் போனால் வேலையும் போய்விடுமே, படுப்பதைத் தவிர வேறென்ன தெரியும் அவருக்கு?

மனுஷன் புத்தி போன போக்கைப் பாருங்கள். தொட்டில் மாட்டுகிற இரும்புக் கொக்கிகளை அள்ளி, கால்சட்டைப் பைகளில் திணித்துக்கொண்டு படுத்தார். நடந்தால் கிணுகிணுவென்று சத்தம். சாவிக்கொத்து என்று சமாளித்தார்.

இரண்டே வாரத்தில் ஒன்பது தொட்டில்கள் திரும்பி வந்தன. எல்லாவற்றிலும் இடுப்பு படும் இடத்தில் நூல் அறுந்திருந்தது. முதலாளியம்மா நூல்காரரை வரவழைத்து, மட்டமான சரக்கு என்று வாங்கு வாங்கென்று வாங்கினார். பாவம், அந்த மனுஷன் தலைகுனிந்து நின்றார். மூட்டைக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. பைகளைக் கவிழ்த்துக் கொக்கிகளை மேஜைமேல் கொட்டினார்.

"உடம்பு இளைச்சுப்போச்சும்மா. வேலையை விட்டு நிறுத்திருவீங்கன்னு பயந்துட்டேன். இந்தக் கொக்கிதாம்மா நூலை அறுத்திருக்கு."

முதலாளியம்மா முதலில் நூல்காரரிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பினார். பிறகுதான் இவர் பக்கம் திரும்பினார். மூக்கு விடைத்திருந்தது.

"கனம்தான் வேணும்னா ஒரு மணல் மூட்டையைத் தூக்கிப் போட்டிருப்பேனே. எங்க உறுத்துதுன்னு மணல் மூட்டை எழுந்து வந்து சொல்லுமா?"

பதினாறு வருஷத்தில் இது அவருக்குத் தோன்றவே இல்லை. அறுந்த ஒன்பதையும் இழுத்துப் போட்டு முடிச்சுப் போட உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் கனம் பார்க்க நிஜமாகவே ஒரு மணல் மூட்டை வந்தது. செப்பனிட்ட முதல் தொட்டில் அதைத் தாங்கியது. மணல் மூட்டையை இறக்கியதும் அவர் காலியான கால்சட்டைப் பைகளோடு ஏறிக் குறுக்காகப் படுத்துக் கண்ணை மூடினார். முதலாளியம்மா பக்கத்திலேயே காத்து நின்றார்.

"இடது தோள்கிட்ட கொஞ்சம் இறுக்கமா இருக்கும்மா."

முதலாளியம்மா உடனே அந்த இடத்து முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார்.